கணிக்கக் கற்ற உயிரியல்: கிண்டி முதல் ‘பரம் பொருள்’ வரை

ஆய்வுச்சுருக்கம்

உயிரியல், மருத்துவ ஆய்வாளர்கள் கணினியையும், அதன் வழியே மீத்திறன் கணினியையும் கையாளப் பயின்ற முறை இந்தியாவில் எவ்வாறு மாறிவந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன் உருவாக்கிய ஆய்வுக் குழு, 1963இல் கான்பூரில் தொடங்கிய நிரலாக்கக் குறும்படிப்புகள், 1986-87இல் உருவான உயிர்த்தொழில்நுட்பத் தகவல் வலையமைப்பு, 2015இன் தேசிய மீத்திறன் கணிப்புத் திட்டம் ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. பொறியின் ஆற்றல் பெருகப் பெருக, பயிற்சியின் மையம் ‘எதைக் கணிப்பது’ என்னும் வினாவிலிருந்து ‘எவ்வாறு இயக்குவது’ என்னும் வினாவுக்கு நகர்ந்துள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: உயிரியற்பியல், மீத்திறன் கணினி, இராமச்சந்திரன் வரைபடம், உயிர்த்தகவலியல், ஆய்வுப் பயிற்சி, தேசிய மீத்திறன் கணிப்புத் திட்டம்.

முன்னுரை

இந்தியாவில் மீத்திறன் கணினியின் வரலாறு பெரும்பாலும் பொறிகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1980களின் இறுதியில் வானிலைக் கணிப்புக்காகத் தில்லிக்கு வந்த கிரே எக்ஸ்-எம்பி, 1991இல் புனேயின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பரம் 8000, 2007 நவம்பரில் உலகத் தரவரிசையில் நான்காம் இடத்தைப் பிடித்த ஏகா, 2015இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நிறுவப்பட்ட சகஸ்ரத் என அவ்வரலாறு பெயர்களாலும் வேகங்களாலும் நிரம்பியது. அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாடும் அதற்கு எதிர்வினையாக எழுந்த தன்னிறைவு முயற்சியும் இவ்வரலாற்றுக்கு ஒரு வீரக்கதையின் சாயலையும் அளித்துவிட்டன. அப்பொறிகளின் முன் அமர்ந்தவர் யார், அவர் எங்கே, யாரிடம், எதைப் பயின்றார் என்னும் வினாக்கள் அதில் அரிதாகவே எழுப்பப்படுகின்றன.

இவ்வினா உயிரியல் துறையைப் பொறுத்தவரை கூர்மையானது. இயற்பியலாளரும் பொறியாளரும் கணிதத்தைத் தம் கல்வியின் ஒரு பகுதியாகவே பெற்றவர்கள். தாவரவியல், விலங்கியல், மருத்துவம் பயின்ற ஒருவருக்கோ கணினியின் மொழி முற்றிலும் புதியது. எனவே உயிரியல் ஆய்வாளர் கணிக்கக் கற்ற வரலாறு என்பது இரு வேறு அறிவு மரபுகள் சந்தித்த வரலாறாகும். அச்சந்திப்பு இந்தியாவில் முதன்முதலில் வலுவாக நிகழ்ந்த இடங்களுள் ஒன்று சென்னை.

கிண்டியில் ஒரு பட்டறை

1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராகப் பொறுப்பேற்றபோது ஜி. என். இராமச்சந்திரனுக்கு வயது முப்பதுகூட நிறையவில்லை. அவ்வாண்டு சென்னைக்கு வந்த ஆங்கிலேய அறிவியலாளர் ஜே. டி. பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று கூறியது அவரது கவனத்தை ஈர்த்தது. தோல், தசைநாண், எலும்பு ஆகியவற்றின் அடிப்படைப் புரதம் கொலாஜன். தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரில் அதற்குரிய பொருளைப் பெறுவது அரிதன்று. அடையாற்றிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கொலாஜன் மாதிரிகள் கிடைத்தன. கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து இராமச்சந்திரன் முன்வைத்த மூவிழைச் சுருள் அமைப்பு 1954இல் ‘நேச்சர்’ இதழில் வெளியாயிற்று. அடுத்த ஆண்டே அதன் திருத்தப்பட்ட வடிவமும் வந்தது.

இவ்வமைப்பில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று ஃபிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச் ஆகியோர் குறைகூறினர். கிண்டியில் பின்னர் நிகழ்ந்த கணிப்புப் பணிகளுக்கெல்லாம் இக்குறைகூறலே வித்து எனலாம். ‘அளவுக்கு மீறிய நெருக்கம்’ என்றால் எவ்வளவு? இவ்வினாவுக்கு விடைகாண, அதுவரை வெளியாகியிருந்த அமினோ அமில, பெப்டைடுப் படிக அமைப்புகளைத் தேடித் தொகுத்து, எந்த இரு அணுக்கள் எவ்வளவு தொலைவுவரை நெருங்க இயலும் என்று குழுவினர் வரையறுத்தனர். இயல்பான எல்லை ஒன்றும், அரிதாக அனுமதிக்கத்தக்க புற எல்லை ஒன்றும் வகுக்கப்பட்டன.

அடுத்த கட்டம் கணிப்பு. புரதச் சங்கிலியில் அடுத்தடுத்த இரு பெப்டைடு அலகுகள் ஒன்றையொன்று சார்ந்து எவ்வாறு திரும்பியுள்ளன என்பதை ஃபை, சை என்னும் இரு முறுக்கக் கோணங்களால் குறிக்கலாம். ஒவ்வொரு கோண இணைக்கும் அணுக்களின் இருப்பிடத்தைக் கணக்கிட்டு, அவற்றிடையேயான தொலைவுகளை வரையறுத்த எல்லைகளுடன் ஒப்பிட வேண்டும். கோணங்களைப் பத்துப் பாகை இடைவெளியில் எடுத்துக்கொண்டாலே 1,296 இணைகள் கிடைக்கும். ஒவ்வோர் இணைக்கும் பல அணுத் தொலைவுகள். இக்கணக்குகள் மேசைக் கணக்குப்பொறியின் துணையுடன் கையாலேயே செய்யப்பட்டன. சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன், இராமச்சந்திரன் ஆகிய மூவரின் பெயரில் 1963இல் ‘மூலக்கூற்று உயிரியல்’ ஆய்விதழில் வெளியான சிறு கட்டுரையில் இடம்பெற்றதே இன்று உலகெங்கும் ‘இராமச்சந்திரன் வரைபடம்’ என்று வழங்கப்படுவது.

இவ்வரைபடத்தின் அறிவியற் சிறப்பு பலரால் பேசப்பட்டுள்ளது. பயிற்சி வரலாற்று நோக்கில் கருதத்தக்கது வேறொன்று. இங்கே ஆய்வு மாணவர் ஒரே நேரத்தில் மூன்று பணிகளைச் செய்தார்: தரவைத் தொகுத்தார், எந்தத் தொலைவு பொருளுடையது என்று முடிவுசெய்தார், கணக்கையும் தாமே இட்டார். கணிப்பின் ஒவ்வொரு படியிலும் அவரது கை இருந்தது. ஒரு கோண இணை ஏன் விலக்கப்படுகிறது, எந்த அணு எதன்மீது மோதுகிறது என்பது அவருக்கு விரல்நுனியில் தெரிந்திருந்தது. கணிப்புக்கென்று தனிப் பாடத்திட்டமோ சான்றிதழோ அங்கு இல்லை. குருகுல மரபைப் போலவே, மூத்தோர் செய்வதைக் கண்டும், தாமே செய்து பிழைபட்டும், கருத்தரங்குகளில் விவாதித்தும் அறிவு கைமாறியது. 1963இலும் 1967இலும் சென்னையில் நடைபெற்ற பன்னாட்டுக் கருத்தரங்குகள், அம்மாணவர்களை உலகின் முன்னணி ஆய்வாளர்களோடு நேருக்குநேர் நிறுத்தின.

துளையட்டைக் காலம்

இரு கோணங்களுக்கு 1,296 இணைகள் என்றால், நான்கு கோணங்களுக்கு அதே இடைவெளியில் 16,79,616 அமைவுகள். 1968இல் சி. எம். வெங்கடாசலம் அடுத்தடுத்த மூன்று பெப்டைடு அலகுகளைக் கொண்ட அமைப்பை ஆராய்ந்தபோது எதிர்கொண்டது இத்தகைய பெருக்கத்தையே. புரதச் சங்கிலி தன் திசையை எவ்விடத்தில், எவ்வாறு திருப்பிக்கொள்கிறது என்பதை வகைப்படுத்திய அக்கட்டுரையின் முடிவுகள் இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகின்றன. மேசைக் கணக்குப்பொறியின் எல்லை இங்கே முடிந்தது. 1960களின் பிற்பகுதியில் இக்குழுவின் பணிகள் கணினிக்கு மாறின.

அக்காலக் கணினி எத்தகையது என்பதை நினைவுகூர்தல் தகும். 1960களின் நடுவில் கிண்டிப் பொறியியல் கல்லூரி வளாகத்துக்கும், 1963 ஆகஸ்டில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கும் வந்த ஐபிஎம் 1620இன் அடிப்படை நினைவகம் 20,000 இலக்கங்களை மட்டுமே கொண்டது. கூட்டுவதற்கென்று தனிச் சுற்றுகூட அதில் இல்லை. நினைவகத்தில் சேமித்த வாய்பாட்டைப் பார்த்தே அது கூட்டியது. நம் ஊர்த் திண்ணைப் பள்ளிப் பிள்ளை எண்சுவடியை மனனம் செய்து கூட்டியதற்கும் இதற்கும் முறையில் பெரிய வேறுபாடில்லை. நிரலை அட்டையில் துளையிட்டு, முறைவைத்துக் காத்திருந்து, பிழையிருந்தால் மீண்டும் துளையிட வேண்டும். 1964இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் நிறுவப்பட்ட சிடிசி 3600 இதைவிடப் பன்மடங்கு வல்லது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஆய்வாளர்கள் தம் கணக்குகளை அங்குக் கொண்டுசென்றனர்.

‘பயிற்சி’ என்பது இந்தியாவில் ஒரு தனி நிறுவனச் செயல்பாடாக உருக்கொண்டது கான்பூரில்தான். ஈரோட்டில் பிறந்த வி. இராஜாராமனும் அவருடைய உடன்பணியாளர்களும், ஃபோர்ட்ரான் நிரலாக்கத்தையும் எண்முறைக் கணிப்பையும் கற்பிக்கும் குறும்படிப்புகளை வெளி நிறுவன அறிவியலாளர்களுக்கும் பொறியாளர்களுக்கும் திறந்துவிட்டனர். கணினிப் பொறியாளரை உருவாக்குவது அப்படிப்புகளின் நோக்கமன்று. தன் துறைச் சிக்கலைத் தானே நிரலாக்கிக்கொள்ளும் அறிவியலாளரை உருவாக்குவதே நோக்கம். அவ்வகுப்புகளின் குறிப்புகளிலிருந்து வளர்ந்து 1969இல் அச்சேறிய அவரது நிரலாக்கப் பாடநூல், மலிவு விலையில் பல தலைமுறை மாணவர்களைச் சென்றடைந்தது. கணினியைக் கண்ணால் காணாமலேயே தாளில் நிரலெழுதிப் பழகிய மாணவர்கள் அக்காலத்தில் மிகுதி.

சிக்கனம் ஈன்ற முறை

1970இல் இராமச்சந்திரன் சென்னையை விட்டுப் பெங்களூரு சென்று, இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூற்று உயிரியற்பியல் பிரிவை உருவாக்கினார். அதனையடுத்து 1971இல் ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் இணைந்து அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக இதழில் வெளியிட்ட கட்டுரை மருத்துவத் துறைக்கு நேரடித் தொடர்புடையது. ஓர் உறுப்பைப் பல கோணங்களிலிருந்து எடுத்த ஊடுகதிர்ப் படங்களைக் கொண்டு அதன் உள்ளமைப்பை மீட்டமைப்பது எப்படி என்பது அக்கட்டுரையின் பொருள்.

அதுவரை அறியப்பட்ட வழிகளுள் ஒன்று ஃபூரியே உருமாற்றம். அளந்த தரவை உருமாற்றி, வேறொரு வெளியில் அடுக்கி, இடைவெளிகளை மதிப்பிட்டு நிரப்பி, மீண்டும் உருமாற்ற வேண்டும். கணினி நேரமும் நினைவகமும் பெரிதும் செலவாகும். இடைவெளியை நிரப்பும் படியில் பிழையும் புகும். இராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் வேறு வழியைக் காட்டினர். ஒவ்வொரு படத்தின் தரவையும் குறிப்பிட்ட ஒரே எண் வரிசையுடன் ‘கன்வல்யூஷன்’ என்னும் முறையில் இணைத்துத் திருத்தி, அதை அப்படியே பின்னோக்கிப் பரப்பிக் கூட்டினால் போதும். ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே கையாளலாம்; உருமாற்றமே தேவையில்லை. இக்கருத்தின் ஒரு வடிவத்தை வானொலி வானியலில் பிரேஸ்வெல், ரிடில் ஆகியோர் 1967இலேயே வெளியிட்டிருந்தனர் என்பதையும் வரலாற்று நேர்மை கருதிக் குறிப்பிட வேண்டும். மருத்துவப் படிமம் நோக்கிய தனித்த கண்டுபிடிப்பு என்ற வகையில் சென்னை மரபினரின் பங்கு அதனால் குறைவதில்லை. 1971 அக்டோபர் 1 அன்று இலண்டனில் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்ட சிடி ஸ்கேனில் ஹவுன்ஸ்ஃபீல்டு கையாண்டது படிப்படியாகத் திருத்திச் செல்லும் இயற்கணித முறை. பின்வந்த கருவிகளில் கன்வல்யூஷன் வழியே பரவலாக நிலைபெற்றது.

இம்முறை எத்தகைய பயிற்சியின் விளைவு என்று சிந்திக்க இடமுண்டு. மேசைக் கணக்குப்பொறியில் ஒவ்வொரு பெருக்கலையும் தன் உழைப்பாகச் செலவிட்ட குழுவுக்கு, தவிர்க்கத்தக்க கணக்கு எது என்று காண்பது இயல்பாகிவிடும். முப்பதாண்டுகளுக்குப் பின்னரும் சென்னைத் துறையில் இப்போக்கு தொடர்ந்ததற்கு ஒரு சான்று உண்டு. 2003இல் கே. வெங்கடேசன், என். கவுதம் ஆகியோர் வெளியிட்ட முறை, பெப்டைடுகளின் ஆற்றல் குறைந்த அமைவுகளைக் காண ஒன்றுக்கொன்று செங்குத்தான இலத்தீன் சதுரங்களைப் பயன்படுத்தியது. பத்து முறுக்கக் கோணங்கள், ஒவ்வொன்றுக்கும் 37 மதிப்புகள் என்றால், எல்லா அமைவுகளையும் கணிக்க 37இன் பத்தாம் அடுக்கு எண்ணிக்கை தேவை. எந்த மீத்திறன் கணினிக்கும் அது வீண்சுமை. இலத்தீன் சதுர முறை 37இன் இருமடி, அதாவது 1,369 புள்ளிகளை மட்டும் கணித்து அவ்வெளியை மதிப்பிடுகிறது. செய்நேர்த்தி வாய்ந்த இச்சிக்கனத்தைக் கிண்டி மரபின் தொடர்ச்சியாகக் கொள்வதில் தவறில்லை.

எனினும் வறுமையைப் புகழ்வது வரலாற்றாசிரியருக்கு ஆபத்தான பழக்கம். கணினிப் பற்றாக்குறையும் கருவிப் பற்றாக்குறையும் இந்திய உயிரியலைப் பின்னுக்கு இழுத்தன என்பதே பெரும்பான்மை உண்மை. டாரத்தி ஹாட்கினின் ஆய்வகத்தில் இன்சுலின் அமைப்பாய்வில் பங்கேற்ற எம். விஜயன் 1971இல் பெங்களூரு திரும்பினார். பெரும்புரதப் படிகவியலுக்குப் போதிய நிதியும் வசதியும் நாட்டில் அமையவே 1980களாயிற்று. அவரது குழு நிலக்கடலை லெக்டினின் அமைப்பை வெளியிட்டது 1994இல். இடைப்பட்ட காலத்தில் எத்தனை மாணவர்கள் தம் வினாவைச் சுருக்கிக்கொண்டிருப்பர் என்பதை எந்த ஆவணமும் சொல்லாது.

தரவு வந்த வழியும் பொறி வந்த வழியும்

1986இல் இந்திய அரசு உயிர்த்தொழில்நுட்பத் துறையைத் தனியே அமைத்தது. 1986-87இல் அத்துறை தொடங்கிய உயிர்த்தொழில்நுட்பத் தகவல் வலையமைப்பு, உயிர்த்தகவலியலுக்கென நாடளாவிய அமைப்பை முன்கூட்டியே உருவாக்கிய நாடுகளுள் இந்தியாவையும் சேர்த்தது. பெங்களூரு, புனே, தில்லி, மதுரை காமராசர் பல்கலைக்கழகம் முதலிய இடங்களில் மையங்கள் அமைந்தன. மரபன், புரத வரிசைத் தரவுகள் முதலில் காந்த நாடாக்களிலும் பின்னர்க் குறுவட்டுகளிலும் வந்துசேர்ந்தன. மதுரையிலும் புதுச்சேரியிலும் பட்டயப் படிப்புகள் உருவாயின.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் நிகழ்ந்ததை ஒப்பிடுதல் பயனுடையது. 1986இல் தொடங்கப்பட்ட பிட்ஸ்பர்க் மீத்திறன் கணிப்பு மையம், அடுத்த ஆண்டே தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் நிதியில் உயிர்மருத்துவ ஆய்வாளர்களுக்கென்று தனித் திட்டத்தைத் தொடங்கியது. வரிசை ஆய்வு, மூலக்கூற்று அமைப்பு ஆகியவற்றில் பயிலரங்குகள் நடத்தி, ஆய்வாளர் தம் சொந்தத் தரவைக் கொண்டுவந்து மையத்தின் வல்லுநர் துணையுடன் பெரும்பொறியில் கணிக்க வழிசெய்தது. அங்கே ஆய்வாளர் பொறியிடம் அழைத்துவரப்பட்டார். இங்கே தரவு ஆய்வாளரிடம் கொண்டுசெல்லப்பட்டது. மீத்திறன் கணினி அரிதாயிருந்த நாட்டில் இத்தேர்வு அறிவார்ந்ததே. எனினும் அதற்கொரு விளைவு உண்டு. இந்தியாவில் உயிர்த்தகவலியல் என்பது தரவுத்தளத்தைத் தேடும் கலையாகப் பலருக்கு அறிமுகமாயிற்று. கணிப்பு என்பது வேறொரு துறையாக, பொறியாளர் கையில், புனேயிலும் பெங்களூருவிலும் தனியே வளர்ந்தது.

1990இல் இந்திய அறிவியல் கழகத்தில் உருவான மையத்தின் பெயரில் ‘மீத்திறன் கணினி’, ‘ஆராய்ச்சி’ என்பவற்றோடு ‘கல்வி’ என்ற சொல்லும் இடம்பெற்றது தற்செயலாக இராது. கான்பூரில் குறும்படிப்புகள் நடத்திய அதே இராஜாராமன் 1982 முதல் 1994 வரை இந்திய அறிவியல் கழகத்தின் கணிப்பு வசதிகளுக்குத் தலைமை வகித்தவர். ஆனால் ஒரு வளாகத்துக்குள் நிகழ்ந்த கல்வி, மாநிலப் பல்கலைக்கழகங்களின் உயிரியல் துறைகளை எட்டுவதற்கு வழி குறுகலாகவே இருந்தது. தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2002இல் உயிர்த்தகவலியலுக்கென்றே தனி மீத்திறன் கணிப்பு வசதியை பி. ஜெயராம் தலைமையில் தொடங்கியதும், சி-டாக் நிறுவனம் புனேயில் உயிர்த்தகவலியல் வசதியொன்றை நடத்தியதும் அவ்வழியை ஓரளவு அகலப்படுத்தின.

பொறி அருகில், வினா தொலைவில்

2015 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற தேசிய மீத்திறன் கணிப்புத் திட்டத்தின் ஒதுக்கீடு 4,500 கோடி ரூபாய், காலம் ஏழாண்டுகள். பொறிகளை நிறுவுவதோடு மனிதவளத்தை உருவாக்குவதையும் அத்திட்டம் வெளிப்படையாகத் தன் நோக்கமாக்கியது. காரக்பூர், சென்னை, பாலக்காடு, கோவா ஆகிய இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் பயிற்சிக்கான மையங்கள் அமைக்கப்பட்டன. திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று 838 டெராஃப்ளாப் ஆற்றலுடைய ‘பரம் பொருள்’ தொடங்கிவைக்கப்பட்டது. திட்டத்தின் பிற பொறிகள் பெரும்பாலும் சிவாய், பிரவேகா, அனந்தா என வடமொழிப் பெயர் தாங்கிநிற்க, இதற்கு மட்டும் வாய்த்த தமிழ்ச்சொல் செல்வத்தையும் அர்த்தத்தையும் ஒருங்கே குறிப்பது.

இப்பொறிகளை ஓர் உயிரியல் ஆய்வாளர் கையாளப் பயில்வது எப்படி? வலையமைப்பு வழியே நுழைவுக் கணுவில் புகுவது, பணிக்கான ஆணைக்கோப்பை எழுதுவது, எத்தனை கணிப்புக் கருக்கள் எவ்வளவு நேரம் வேண்டும் என்று கோருவது, வரிசையில் காத்திருப்பது, வெளியீட்டைத் திரும்பப் பெறுவது ஆகியன தொடக்கப் பாடங்கள். இவை தேவையானவை, சில நாள்களில் கற்றுவிடத்தக்கவை. கடினமான பாடம் இதற்கு அப்பால் உள்ளது. மரபணுத் தொகுப்பின் கோடிக்கணக்கான துண்டுகளை மேற்கோள் வரிசையுடன் பொருத்துவது நாற்று நடுவதைப் போன்றது. ஆள் கூடக்கூட வேலை விரைவில் முடியும். ஒரு புரதத்தின் அசைவை நுண்ணொடி நுண்ணொடியாகக் கணிப்பது தேரிழுப்பதைப் போன்றது. எல்லாரும் ஒரே கணத்தில் வடம்பிடித்தாக வேண்டும், ஒருவர் தாமதித்தால் அனைவரும் நிற்க வேண்டும். சிறிய புரதத்துக்கு ஆயிரம் கருக்களைக் கோருபவர் வேகத்தைப் பெறுவதில்லை. பிறர் பயன்படுத்தியிருக்கக்கூடிய நேரத்தையே வீணாக்குகிறார். தன் சிக்கல் இவ்விரண்டில் எவ்வகை என்று அறிவது கணினிப் பாடம் மட்டுமன்று, உயிரியற் பாடமும்கூட. நாள்கணக்கில் நடைபெறும் பயிலரங்குகளில் இதற்கு உரிய இடம் கிடைப்பது அரிது.

இதன் விளைவை மாநிலப் பல்கலைக்கழக ஆய்வேடுகளில் காணலாம். சேர்வராயன் மலையை எடுத்துக்கொள்வோம். ஏற்காடு, நாகலூர் வட்டாரத்தின் தாவர வளம் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஏற்காட்டுத் தோட்டத்தால் நெடுங்காலமாகப் பேணப்பட்டு வருவது. அம்மலையின் பழங்குடியினரான மலையாளிகளின் மருத்துவ அறிவு ஆய்வாளரை ஈர்த்துவருவது. இத்தகைய மலைத் தாவரமொன்றிலிருந்து சாறெடுத்து, அதன் சேர்மங்களைப் பட்டியலிட்டு, நோயோடு தொடர்புடைய ஒரு புரதத்துடன் அவற்றைக் கணினியில் ‘பொருத்தி’, கிடைத்த மதிப்பெண்ணை அட்டவணையாக்குவது இன்று பழகிய ஆய்வு வடிவம். மென்பொருள் இலவசம், மேசைக் கணினியே போதும். அப்புரதம் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது, புரதத்தின் நெகிழ்ச்சி கணக்கில் கொள்ளப்பட்டதா, அறியப்பட்ட மருந்துடனும் பொருந்தாத மூலக்கூறுடனும் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டதா என்னும் வினாக்கள் பல வேளைகளில் விடையின்றி நிற்கின்றன. அதே கணிப்பை மீத்திறன் கணினிக்கு மாற்றினால் விடையின்மை விரைவுபடுமே தவிர நீங்காது.

இதில் மாணவரைக் குறைசொல்வது எளிது, நியாயமன்று. நாகலூரிலிருந்து புறப்படும் மாணவர் மலைப்பாதையின் இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து சேலம் வந்து, முதுகலையில் ஓரிரு பருவம் உயிர்த்தகவலியல் படிக்கிறார். நிரலாக்கம் அவருக்கு விருப்பப் பாடமாகவோ, செய்முறைக் குறிப்பேட்டின் சில பக்கங்களாகவோ அமைகிறது. பயிலரங்கும் கையேடும் ஆங்கிலத்தில் உள்ளன. திருச்சிராப்பள்ளிப் பொறி நிலப்பரப்பில் அருகிலேயே உள்ளது. ஆனால் அதில் கணிக்கத்தக்க வினாவை வகுத்துத்தரும் வழிகாட்டியும், உடனிருந்து நிரலெழுதும் மூத்த மாணவரும் அவரது துறையில் இருப்பதில்லை. கிண்டியில் இருந்ததும் இங்கே இல்லாததும் அதுவே. மலையிலிருந்து மாதிரி இறங்கிவருகிறது. அதைக் கணிக்கும் அறிவு மலையேறுவதில்லை.

இவ்விடைவெளி இனி மருத்துவத்தில் கூடுதல் விலை கேட்கும். இந்திய மக்கள் பதினாயிரம் பேரின் முழு மரபணுத் தொகுப்புகளை ஆய்ந்த ‘ஜீனோம் இந்தியா’ திட்டத்தின் தரவுகள், ஃபரீதாபாத்தின் இந்திய உயிரியல் தரவு மையத்தில் வைக்கப்பட்டு, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. முன்மொழிவு அளித்து இசைவு பெறுவோரே அவற்றை அணுகலாம். பல்வேறு இனக்குழுக்களின் மரபுத் தனித்தன்மை, அதனோடு தொடர்புடைய நோய்கள், மருந்து ஏற்புத்திறன் ஆகியவை குறித்த வினாக்களுக்கு அத்தரவில் விடைதேடலாம். எந்த வினா முதலில் கேட்கப்படும் என்பதை முன்மொழிவு எழுதத் தெரிந்தவரே தீர்மானிப்பார். தமிழக மலைகளின் சிறு குழுக்களைப் பற்றிய வினாவை எழுப்ப, அம்மக்களை அறிந்த உயிரியலாளரும் மருத்துவரும் கணிப்பை அறிந்திருக்க வேண்டும். அல்லது கணிப்பை அறிந்தவரோடு சமமாக அமர்ந்து உரையாடும் அளவுக்கேனும் பயின்றிருக்க வேண்டும்.

புரத அமைப்பைப் பொறுத்தவரை, கணிப்பவரின் இடம் இன்னும் சுருங்கியுள்ளது. ஆல்ஃபாஃபோல்டு என்னும் செயற்கை நுண்ணறிவு முறையின் தரவுத்தளம் 2022இல் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களுக்கு முன்கணித்த அமைப்புகளை வெளியிட்டது. கணிப்பே செய்யாமல், பெயரைத் தட்டச்சிட்டு அமைப்பைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். அவ்வாறு பெற்ற அமைப்பு நம்பத்தக்கதா என்று சோதிக்கும் மென்பொருள்கள் வரையும் படங்களுள் ஒன்று ஃபை, சை அச்சுகளின்மேல் புள்ளிகளைக் காட்டுவது. அனுமதிக்கப்பட்ட பகுதிக்கு வெளியே ஒரு புள்ளி விழுந்தால், மென்பொருள் அதைச் சிவப்பாகக் காட்டி எச்சரிக்கிறது. அங்கே எந்த அணு எதன்மீது மோதுகிறது என்பதை 1963இல் கணக்கிட்ட மாணவர் உடனே சொல்லியிருப்பார்.